ராஜாங்கத்துக்கு நான் சொன்ன பதில்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. எழுதும்போது ஒன்றைத் தொடங்கி இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஆட்களின் பெயர் மறந்துவிடுகிறது, வருடங்கள் அதைவிட மோசம். எழுபத்து மூன்று வயதாகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் குசினிக்குள் போய் அடுப்போரம் நின்றுகொள்கிற ஆள் நான். பத்திரிகைக்கு எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

ஆனால் இந்த வாரத்தோடு இரண்டு வாரமாக ஒரு விஷயம் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். ஜன்னலில் இருந்து கதவுக்குப் போகிறேன். பால் பொங்கி வழிகிறது. மகள் விஜயா, "அம்மா, ஒங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்கிறாள். அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்கள் அங்கே இலங்கை மலைநாட்டில்தான் இருப்பீர்கள்.

2

இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. லண்டனில் இருந்து வடக்கே ஒரு மணி நேரம் ரயிலில் வரவேண்டிய ஒரு சின்ன டவுன். விஜயா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, எத்தனையோ படிவங்களை நிரப்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். பெரியவள் என்னோடு போனில் பேசும்போது மெதுவாக, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

டாக்டரிடம் போனால் "மிஸிஸ் மாரிமுத்து" என்று கூப்பிடுகிறார்கள். மாரிமுத்து என் அப்பா. பாஸ்போட்டில் அப்பா பெயர் இருக்கிற இடத்தை இவர்கள் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். என் பெயர் காமாட்சி.

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு டவுன் நூலகத்தில் வயதானவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. எமிலி என்கிற பிள்ளை சொல்லிக்கொடுக்கிறாள். எட்டுப் பேர் வருகிறோம். சைப்ரஸ்காரர் ஒருவர் இருக்கிறார், முன்னாள் தையல்காரர், என்ன சொன்னாலும் மேசையைத் தட்டிச் சிரிப்பார். எனக்கு அங்கே உண்மையான கூட்டாளி ஒருத்திதான், குசுமா.

குசுமா சிங்களப் பொம்பிளை, கினிகத்தேனைக்காரி. ரோட்டோரத்தில் அவள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஹட்டன் பஸ் அங்கே நிற்கும்போது எங்கள் அம்மா இறங்கி அந்தப் பக்கத்துக் கடைகளில் கருவாடு வாங்கும். வகுப்பில் முதல் நாள் ஊரைச் சொன்னதும் இரண்டு பேரும் எமிலியை மறந்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டோம். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் 'அக்கே' என்பேன், அவள் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்பாள். பேசுவது சிங்களத்தில். நடுநடுவே, கடையில் நின்று பழகிய தோட்டத்துத் தமிழை அவள் அவிழ்த்துவிடுவாள். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

வகுப்பில் நான் வாயைத் திறப்பதில்லை. அதற்கு அவள் செய்கிற கேலி தாங்க முடியாது.

"நீ பேசாம இருக்கிறதுக்கு அந்தப் பிள்ள சம்பளம் தருதா நங்கி? எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடேன்."

3

பெப்ரவரி நாலாம் தேதி நம் நாட்டுச் சுதந்திர தினம். அதை ஒட்டி வந்த வியாழக்கிழமை குசுமா ஒரு டப்பா நிறையப் பால்சோறு செய்து, சதுரம் சதுரமாக வெட்டி, கட்டாச் சம்பலோடு வகுப்புக்குக் கொண்டுவந்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். சைப்ரஸ்காரர் சம்பல் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது துண்டு எடுத்தார். நான் என் துண்டைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இது எதற்கு என்று எமிலி கேட்டாள். உங்கள் ஆட்கள் எங்கள் ஊரை விட்டுப் போன நாளுக்கு என்று குசுமா சொன்னாள். எமிலி வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த மாதம் அவள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது, ஒருவரைப் பேசிப் பேசி நம் பக்கம் கொண்டுவருவது எப்படி என்கிற பாடம். ஏனென்றால், ஆகையால், நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லிப் பழக வேண்டும்.

"அடுத்த வியாழன் ஒரு விவாதம் வைப்போம். ஒரு நாடு ஒரு ராஜாங்கத்துக்குக் கீழே இருக்கிறது. அது விடுதலையாகிப் போக வேண்டுமா, ராஜாங்கத்தோடேயே இருக்க வேண்டுமா?"

பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னாள். குசுமாவுக்கு ராஜாங்கம் விழுந்தது. எனக்கு விடுதலை விழுந்தது.

ஆளுக்கு ஒரு வரி இப்போதே சொல்லிப் பாருங்கள் என்றாள் எமிலி. குசுமா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். என் முறை வந்தது. இங்கேதான் என் மானம் போனது.

தோட்டத்தில் துரையைப் பார்க்கப் போகிற முறை உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் படிக்குக் கீழேதான் நிற்கவேண்டும். செருப்பு இருந்தால் கழற்றி ஓரமாக விடவேண்டும். ஆம்பிளைகள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பார்கள். வந்த காரியத்தை முதலில் சொல்லக்கூடாது. துரை நமக்கு என்னவெல்லாம் கொடுத்தார் என்று முதலில் சொல்லவேண்டும். பிறகு நம்முடைய குற்றத்தைச் சொல்லவேண்டும். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் காரியத்தைச் சொல்லவேண்டும். அது காய்ச்சலுக்கு மருந்தாக இருந்தாலும் சரி, ஒழுகுகிற கூரைத் தகரமாக இருந்தாலும் சரி. தோட்டத்தை விட்டே போவதானாலும் துரை பத்துச்சீட்டு எழுதித் தரவேண்டும். இந்த ஆளை நாங்கள் விடுவித்துவிட்டோம் என்கிற அந்தச் சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய முடியாது.

நான் எழும்பினேன். எழும்பும்போதே கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. குசுமாவின் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "சார், நீங்கள் எங்களுக்குச் சாப்பாடு போட்டீர்கள். நாங்கள் சரியாக வேலை செய்யவில்லை. தயவுசெய்து ஒரு சீட்டுக் கொடுங்கள். நாங்கள் போகிறோம்."

சைப்ரஸ்காரர் மேசையைத் தட்டிய தட்டில் டப்பா மூடி கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எமிலி மட்டும் சிரிக்காமல், "சீட்டை அவர் ஏன் தரவேண்டும்? நீங்களே எழுதிக்கொள்ளலாமே" என்றாள்.

அது எனக்கு விளங்கவே இல்லை. நாமே நமக்குப் பத்துச்சீட்டு எழுதுவதா? அதில் யார் கையெழுத்துப் போடுவது?

4

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் குசுமா விடவில்லை.

"ஒரு துண்டு பால்சோத்துக்கு இவ்வளவு யோசனயா? அத ஏன் சுத்தி வச்ச? சீனி வருத்தமா, டாக்டர் வேணாம்னாரா?"

"இல்ல அக்கே."

"பெறகு? சுதந்திரம் ஒனக்கு இனிக்கலயா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன பிடித்ததோ, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அந்த பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு தேர்தல் நடந்தது. வெள்ளைக்காரர் இன்னும் இருந்தார்கள். அப்பா இளந்தாரி. விடியற்காலையில் நடந்துபோய் ஓட்டுப் போட்டார். துரை வரும்போது ஒதுங்கி நிற்கிற மனுஷன், அன்றைக்கு மட்டும் துரை போடுகிற அதே மாதிரி ஒரு ஓட்டைப் போட்டார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் போனார்கள், நாடு நம்முடையது என்றார்கள், தோட்டத்திலும் கொடி ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழரைப் பார்த்து, நீங்கள் இந்தியாக்காரர், இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்றார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டு இல்லை. நான் பிறந்தபோது எனக்கு நாடே இல்லை. எனக்குக் குடியுரிமை அட்டை வந்தபோது முப்பத்தாறு வயது. என் பெரியப்பா குடும்பத்தை ரயிலில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் எந்த ஊரில் இறங்கினார்கள் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

குசுமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சுதந்திர தினத்துக்குத் திங்க ஒரு பணிசும் ஒரு சின்னக் கொடியும் குடுப்பாங்க. இத யாருமே சொல்லலியே நங்கி" என்றாள்.

இறங்க வேண்டிய இடத்தில் மணி அடிக்க மறந்துவிட்டாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, மழையில் நடந்து போனாள்.

5

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. விடுதலை வேண்டும் என்று நான் எப்படிப் பேசுவது? விஜயாவிடம் கேட்டேன். அவள் போனைத் தடவிவிட்டு வாசித்தாள்.

"இந்தா, எழுதிக்கோங்க. ஒண்ணு, நம்மளக் கேக்காம நம்ம மேல வரி போடுறாங்க. ரெண்டு, சட்டம் போடுறவங்க நம்ம ஊரப் பாத்ததே இல்ல. மூணு, நம்ம வெளைவிக்கிறது எல்லாம் அவங்களுக்குப் போகுது."

"இதெல்லாம் சரிதாம்மா. ஆனா வெள்ளக்காரன் போன பெறகும் நமக்கு இப்பிடித்தான இருந்துச்சு. பங்களா அப்பிடியே இருந்துச்சு. ஆள்தான மாறினாங்க."

"அம்மா, இது ஒரு வகுப்பு. பரீட்ச கூட இல்ல. சும்மா வாசிச்சிட்டு வாங்க."

"வாசிச்சிட்டு வரலாம். மனசுல இல்லாதத எப்பிடி வாசிக்கிறது?"

"நீங்க வாயத் தொறந்து பேசினாலே எமிலிக்கு சந்தோசமா இருக்கும்."

அதே சமயத்தில்தான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கான படிவத்தையும் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தோம். பிறந்தபோது எந்த நாட்டவர் என்று ஒரு கேள்வி. விஜயா இலங்கை என்று போட்டாள். இல்லை என்றேன். பட்டியலைக் கீழே கீழே இழுத்துப் பார்த்தாள். 'நாடற்றவர்' என்றும் ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"வேணாம்மா. அதப் போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"உண்ம அதுதான?"

"உண்மதான். ஆனா எதுக்கு நமக்கு?"

இலங்கை என்றே போட்டு முடித்தாள். நான் வெங்காயம் உரிக்கப் போனேன். பட்டியலில் எனக்கென்று ஒரு சொல் எழுதி வைத்திருந்தும் அதைத் தொட என் மகளுக்கே பயமாக இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

6

விவாத நாள் வந்தது. குசுமா பச்சைச் சேலை உடுத்தி, உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பும் பூசிக்கொண்டு வந்திருந்தாள். "ராஜாங்கம்னா பின்ன எப்பிடி வரும்?" என்று கண்ணடித்தாள்.

அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நூறு பங்கு மேல். முதலில் ரயிலைச் சொன்னாள். ஆஸ்பத்திரியைச் சொன்னாள். றொசல்ல வளைவில் ரயில் திரும்பும்போது பிள்ளைகள் கை காட்டுவதைச் சொன்னாள். எல்லோரும் ரசித்தார்கள். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னாள்:

"நான் போய்விட்டால் சின்னவர்களை யார் பார்த்துக்கொள்வது? பெரிய கூட்டம் சின்னக் கூட்டத்தை விழுங்கிவிடும். நான் சும்மா சொல்லவில்லை. இதோ காமாட்சியைக் கேளுங்கள். நான் இருந்தபோது அவள் அப்பா ஓட்டுப் போட்டார். நான் போனதும் எங்கள் சிங்கள ஆட்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள். இவள் நாடில்லாமல் பிறந்தாள். விடுதலை என்றால் யாருக்கு விடுதலை?"

எமிலி என்னைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் அவளை நம்பிச் சொன்னதை எடுத்து எனக்கே எதிராக வைத்துவிட்டாளே என்று இருந்தது. இன்னொரு பக்கம், இதை ஒரு சிங்களப் பொம்பிளை பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"காமாட்சி, உங்கள் பதில்?" என்றாள் எமிலி.

விஜயா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். வரி, சட்டம், விளைச்சல். ஒன்றுமே இதற்குப் பதில் இல்லை. "அவள் சொன்னது சரி" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். எழுபது வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால், அப்பாவுக்கு நடந்ததற்கு மருந்து வெள்ளைக்காரத் துரை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தத் துரையின் படிக்குக் கீழே நின்றது யார்? அப்பாதானே.

எழும்பினேன். இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. அப்புறம் ஓடிவிட்டது. நான் குசுமாவைப் பார்த்துச் சிங்களத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டேன். எமிலி, "யாராவது சொல்லுங்கள், என்ன சொல்கிறார்?" என்றாள். அந்த மொழி தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். குசுமா தன்னை எதிர்த்து நான் பேசியதைத் தானே வரி வரியாக இங்கிலீஷில் சொன்னாள்.

"அக்கே, நீ சொன்னது பொய் இல்ல. ஆனா எங்கள அந்த மலைக்குக் கொண்டுவந்தது யாரு? அவங்கதான். போறப்ப எங்கள யாரு பேர்ல எழுதி வச்சிட்டுப் போனாங்க? யாரு பேர்லயும் இல்ல. தங்களுக்குப் பத்துச்சீட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, எங்களுக்கு எழுதல. காவலுக்கு இருந்தேன்னு சொல்ற ஆளு, போறப்ப கதவச் சாத்தாமப் போயிருக்கான். அவனத் திரும்பக் கூப்பிட்டுக் காவலுக்கு வைக்கச் சொல்றியா?"

குசுமா இங்கிலீஷில் சொன்னாள். சைப்ரஸ்காரர் மேசையைத் தட்டவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்க ஆளுங்க செஞ்சது அநியாயம். அதுக்கு நான் ஒன்கிட்ட சண்ட போடலாம். பஸ்ல வச்சே போடலாம். ஒன் பாஷ எனக்குத் தெரியும், என் பாஷ ஒனக்குத் தெரியும். நீ மூஞ்சத் திருப்பிக்கிட்டாலும் அடுத்த வாரம் அதே ரோட்ல என்னையப் பாத்துத்தான் ஆகணும். ராஜாகிட்ட எப்பிடிச் சண்ட போடுறது? அவரு கடலுக்கு அந்தப் பக்கம். எங்க மனு கப்பல்ல போயி பதில் வாறதுக்குள்ள மனுப் போட்டவன் செத்துருப்பான். அவருக்கு அட்டப்பூச்சி கடிச்சா என்னான்னு தெரியுமா? மழக்காலத்துல நாங்க இருக்குற லயத்துக்குள்ள தண்ணி வந்தா என்னான்னு தெரியுமா? நாப்பது வருசம் எங்காளுங்க சண்ட போட்டாங்க. வேலைய நிப்பாட்டினாங்க. கடசியில குடியுரிம அட்டைய வாங்கினாங்க. யாருகிட்ட வாங்கினாங்க? பக்கத்துல இருந்தவங்ககிட்ட. தூரத்துல இருக்கவரு நல்லவராவே இருந்தாலும் அவருக்குச் சலாம்தான் போடலாம். பக்கத்துல இருக்கவன் கெட்டவனா இருந்தாலும் அவன்கிட்ட வாதாடலாம். அதுக்குத்தான் விடுதல. நல்லா இருக்கப் போறோம்னு இல்ல. யாருகிட்டச் சண்ட போடணும்னு தெரியிறதுக்கு."

இதைச் சொல்லி முடிக்கும்போது குசுமாவின் இங்கிலீஷ் திக்கியது. அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். வாய் திறந்து பழக்கம் இல்லாதவள், திறந்தபின் மூடத் தெரியவில்லை. இன்னும் ஒன்றைச் சொன்னேன்.

"ஆனா அது எதுவும் எங்கப்பாவுக்குக் கெடைக்கல. அந்த ஒரு ஓட்டோட சரி. ரெண்டாவது ஓட்டுப் போடாமலே செத்தாரு."

அதை மட்டும் குசுமா சொல்லவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு அந்த ராஜாங்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன சொன்னார் என்று எமிலி கேட்டும் அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கடைசியில் நானே என் இங்கிலீஷில் சொன்னேன். அப்பா. ஒரு ஓட்டு. பிறகு இல்லை. செத்துப்போனார்.

கை தூக்கச் சொன்னாள் எமிலி. எல்லோரும் விடுதலைக்குத் தூக்கினார்கள். ராஜாங்கமும் தூக்கியது. சைப்ரஸ்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது குசுமாவின் குடை இல்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

7

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி செல்விக்குப் போன் செய்தேன். அவள் இன்னும் றொசல்ல பக்கத்தில் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். அப்பாவைக் கடைசி வரை பார்த்தவள் அவள். நான் அந்த வருடங்களில் கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்தேன். சாவுக்குத்தான் வந்தேன். அதுவும் தூக்குகிற நேரத்துக்கு.

வகுப்பில் பேசியதைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

"நீயா பேசுன? காலையில வேலைக்கு நிக்கிற பெரட்டுல பேர் கூப்பிட்டாலே ஒனக்குக் கொரல் வராதே!" என்று சிரித்தாள். கடைசி வரியைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அக்கா, அப்பா ஓட்டுப் போட்டாரே."

"எப்ப?"

"அட்ட வந்த பெறகு. சாகுறதுக்கு முந்தி வந்த எலக்சன்ல. நம்ம தோட்டத்துக் கீழ்ப்பிரிவு ஆளுங்க எல்லாம் லொறியில போனாங்க. அப்பா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் போனாரு. நான்தான் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டேன்."

"போட்டுட்டு வந்தாரா? நீ பாத்தியா?"

"வெரல்ல மை இருந்துச்சு." பிறகு இழுத்தாள். "இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன். அன்னிக்குப் பேர் சரியில்லன்னு கொஞ்சப் பேரத் திருப்பி அனுப்பிட்டாங்க. மை இருந்தது கூடப் போன சித்தப்பா வெரலா, அப்பா வெரலா... அக்கா, முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. சித்தப்பாவும் இல்ல இப்ப."

"வந்து ஒண்ணும் சொல்லலியா?"

"அப்பா என்னிக்கு என்ன சொல்லியிருக்காரு? தேத்தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. படுத்துக்கிட்டாரு."

போனை வைத்த பிறகு நின்ற இடத்திலேயே நின்றேன். பத்துப் பேர் முன்னால் அப்பாவை ஓட்டில்லாமல் சாகடித்துவிட்டேன். அவர் அந்த வெள்ளைச் சட்டையோடு போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தாரோ என்னவோ. நான் அங்கே இல்லை. இல்லாதவள் இருந்த மாதிரி பேசியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் குசுமா வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால் முழங்கால் வலி என்றாள். அவள் குரலில் இருந்தது முழங்கால் வலி இல்லை.

8

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். பதினொரு வருடத்தில் நான் தனியாகப் போய் ஒரு வீட்டு மணியை அடித்தது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவள், "திட்ட வந்தியா? வா, உள்ள வந்து திட்டு" என்றாள்.

"திட்ட வரல. நான் சொன்னது பொய்யா இருக்கலாம்னு சொல்ல வந்தேன்."

செல்வி சொன்னதை எல்லாம் சொன்னேன். மை, லொறி, பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது, எல்லாம். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

"ரெண்டு வாரமா நான் சோறு திங்கல, தெரியுமா? சின்னப் புள்ள மாதிரி அழுதுருக்கேன். மகன் டாக்டர்கிட்டப் போவோம்னு நிக்கிறான். இப்ப வந்து தெரியாதுங்கிறியா?"

"தெரியலதான் அக்கே."

"நான் ஒன் கதைய எடுத்து அங்க சொன்னதே தப்பு. ஜெயிக்கணும்னு சொல்லிட்டேன். சொன்ன பெறகுதான் அது கத இல்ல, ஒங்கப்பான்னு வெளங்குச்சு. ஒன் மூஞ்சியப் பாக்க முடியல."

"நீ சொன்னதுனாலதான் நான் வாயத் தொறந்தேன்."

"தொறந்ததுதான் தொறந்த, சரியாத் தெரிஞ்சதச் சொல்லியிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் விடுவதாக இல்லை. தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னாள்: "ஆளுங்ககிட்டக் கேட்டுப் பாரு நங்கி. போட்டாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும். எங்காளுங்க பறிச்சத அவரு திருப்பி வாங்கிட்டுச் செத்தாரா, வாங்காமச் செத்தாரா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஒன்று இல்லைதான். அவர் போட்டிருந்தால், அன்றைக்கு நான் வகுப்பில் சொன்ன கடைசி வரி தப்பு, அதற்கு முன் சொன்னதெல்லாம் சரி. போடாமல் திரும்பியிருந்தால், கடைசி வரி சரி. அட்டை வாங்கியும் அவருக்கு ஓட்டுக் கிடைக்கவில்லை என்றால், மற்றதை எந்த முகத்தோடு சொன்னேன் என்று நான்தான் யோசிக்கவேண்டும். எது என்றாலும் எமிலியிடமும் வகுப்பில் மற்ற எல்லோரிடமும் எழும்பி நின்று சொல்வதாகக் குசுமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். றொசல்ல பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள், தோட்டங்களில் அட்டை வந்த பிறகு நடந்த முதல் தேர்தலுக்கு லொறியில் போனவர்கள் யாராவது இருந்தால் யோசித்துப் பாருங்கள். வருடத்தை நான் தப்பாகச் சொல்வேன், அதனால் சொல்லவில்லை. ஆள் பெயர் மாரிமுத்து. உயரம் குறைவு. இடது காது மடல் கிழிந்திருக்கும். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தது. திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விரல் தெரிந்திருக்கும். என் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று நல்லதாக மாற்றி எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.